பக்கத்து நாடு பொதுச் சந்தையை விட்டு விலகும்போது முன்னுரிமைகளை வகுப்பது எப்படி: அயர்லாந்து செய்ததும் செய்யத் தவறியதும்

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிட்டன் மக்களில் வாக்களித்தோரில் 51.9% பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பக்கம் நின்றார்கள். அந்த முடிவின் சுமை மற்ற உறுப்பு நாடுகளைவிட அயர்லாந்தின் தலையில்தான் அதிகம் விழுந்தது. இரு நாடுகளும் 1973 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தவை. ஒரே தீவில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நில எல்லையைப் பகிர்ந்துகொள்பவை. விலகும் முடிவில் டப்ளின் அரசுக்குப் பங்கில்லை. விலகலின் நிபந்தனைகளைப் பேசும் மேசையிலும் அதற்குத் தனி நாற்காலி கிடையாது, ஏனென்றால் எஞ்சிய 27 நாடுகளுக்காகவும் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ்தான் பேசும். இப்படி அகப்பட்டுக்கொள்ளும் ஒரு சிறிய நாடு எதை முன்னே வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது, எதை இழக்கத் துணிவது என்பதை அயர்லாந்தின் அனுபவத்தைக் கொண்டே சொல்லலாம். அமைச்சகத்துக்குக் குறிப்பு எழுதுபவரையும் வணிகர் சங்கத்துக்கு அறிக்கை தயாரிப்பவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பணத்தால் ஈடுகட்ட முடியாததை முதலில் பிரித்தெடுங்கள்

முதல் வாரத்திலேயே ஒவ்வொரு துறையும் தன் கவலைகளைப் பட்டியலிட்டு அனுப்பும். மாட்டிறைச்சி, மருந்து, விமான உரிமம், மின்சாரம், ஓட்டுநர் உரிமம், குதிரைப் பந்தயம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அத்தனையையும் சேர்த்து ஓர் ஆவணமாக்கினால் அது முன்னுரிமைப் பட்டியல் ஆகாது. புகார்ப் புத்தகமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியைப் போடுங்கள்: இது கெட்டுப்போனால் பின்னால் பணம் கொடுத்தோ சந்தையை மாற்றியோ சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் அது இரண்டாம் அடுக்கு. முடியாது என்றால் முதல் அடுக்கு. முதல் அடுக்கில் மூன்றுக்கு மேல் சேர்ந்தால் கேள்வியைக் கறாராகக் கேட்கவில்லை என்று பொருள்.

அயர்லாந்து தன் கவலைகளை நான்கு தலைப்புகளில் அடக்கியது: பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தின் அமைதி, இரு நாட்டு மக்களும் தடையின்றிப் போய்வரும் பொதுப் பயண வலயம், வர்த்தகமும் பொருளாதாரமும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தன் எதிர்காலம். நான்கும் எழுத்தில் சமமாக இருந்தாலும் பேச்சுவார்த்தையில் முன்னே நின்றது எல்லைதான். காரணம் வெளிப்படையானது. வடக்கில் பிரிட்டனோடு இருக்க விரும்பிய சமூகத்துக்கும் அயர்லாந்தோடு இணைய விரும்பிய சமூகத்துக்கும் இடையே சுமார் 3,500 உயிர்களைக் குடித்த முப்பது ஆண்டு வன்முறைக்குப் பிறகு, 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி உடன்பாடு கையெழுத்தானது. அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்புகளில் வடக்கில் 71 விழுக்காட்டினரும் தெற்கில் 94 விழுக்காட்டினரும் அதை ஏற்றார்கள். உறுப்பு நாடுகளிடையே சரக்கு தடையின்றிப் போகும் ஒற்றைச் சந்தை வந்த 1993இல் எல்லையின் சுங்கச் சாவடிகள் போயின. அமைதி வந்த பின் ராணுவச் சாவடிகளும் போயின. சாலையில் போகிறவருக்கு எல்லையைத் தாண்டியது, வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதில்தான் தெரியும். 200க்கும் மேற்பட்ட இடங்களில் சாலைகள் குறுக்கே ஓடும் அந்த எல்லையில் ஒரு சாவடியைத் திரும்ப நிறுத்தினால், வன்முறைக் காலத்தில் அத்தகைய சாவடிகள் தாக்குதலுக்கு இலக்கானதை அறிந்தவர்கள் அதை வெறும் சுங்க ஏற்பாடாகப் பார்க்க மாட்டார்கள். மாட்டிறைச்சி விற்காவிட்டால் மானியம் கொடுக்கலாம். இதற்கு மானியம் கிடையாது.

முதல் அடுக்கில் வைத்ததை வெறும் கொள்கையாக விட்டுவிடாமல் காட்சியாக மாற்றுவது அடுத்த வேலை. எல்லை தாண்டிய ஒத்துழைப்பு எங்கெங்கே நடக்கிறது என்று பேச்சுவார்த்தையின்போது கணக்கெடுத்தார்கள். 140க்கும் மேற்பட்ட துறைகள் வந்தன. வடக்கில் பிறந்த குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை டப்ளினில் நடக்கிறது. அயர்லாந்தைச் சேர்ந்த டொனிகல் மாவட்டத்தின் புற்றுநோயாளி கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வட அயர்லாந்தின் டெரி நகரத்து மருத்துவமனைக்குப் போகிறார். 'வட-தென் ஒத்துழைப்பு பாதிக்கப்படும்' என்று நூறு முறை எழுதுவதைவிட இந்த இரண்டு வரிகள் ஓர் அயல்நாட்டு அமைச்சருக்கு விஷயத்தை விரைவாகப் புரியவைக்கும்.

மொத்த எண்ணை நம்பாதீர்கள்

பொருளாதாரப் பாதிப்பைக் கணக்கிடும்போது பலரும் தடுக்கி விழும் இடம் இது. 2016இல் அயர்லாந்தின் சரக்கு ஏற்றுமதியில் பிரிட்டனின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான். அதை மட்டும் பார்த்தால் பெரிய ஆபத்தில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த மொத்தத்தைப் பெருக்கிக் காட்டுபவை பன்னாட்டு மருந்து, வேதிப்பொருள் நிறுவனங்களின் ஏற்றுமதிகள். அவை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன. அவற்றுக்கு பிரிட்டன் ஒரு சிறு வாடிக்கையாளர். உணவு, வேளாண் பொருள்களைத் தனியே எடுத்தால் அதே ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அருகில் பிரிட்டனுக்குப் போனது. காளானைத் தனியே எடுத்தால் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். இந்தத் தொழில்கள் தலைநகரத்தில் இல்லை. வேறு வேலை எளிதில் கிடைக்காத ஊர்ப்புறங்களில் இருக்கின்றன. ஆகவே நாட்டு அளவில் ஒரு கணக்கு, துறை அளவில் ஒரு கணக்கு, மாவட்ட அளவில் ஒரு கணக்கு என மூன்றையும் போடாமல் எந்தத் துறையையும் 'பாதிப்புக் குறைவு' என்று எழுதிவிடாதீர்கள்.

காளானைச் சற்று அருகில் பார்ப்போம். அது அன்றாடம் பறித்து அன்றாடம் லாரி ஏற்றும் சரக்கு. கிடங்கில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. வளர்ப்பவர் பிரிட்டன் பேரங்காடிகளோடு பவுண்டில் விலை பேசி ஒப்பந்தம் போடுகிறார். கூலியையும் மின் கட்டணத்தையும் யூரோவில் கொடுக்கிறார். வாக்கெடுப்பு நாளில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 1.30 யூரோ கிடைத்தது. அக்டோபரில் அது 1.11 யூரோ அளவுக்கு இறங்கியது. 100 பவுண்டு சரக்குக்கு 130 யூரோ வந்த கையில் 111 யூரோ வந்தால், மெல்லிய லாபத்தில் ஓடும் தொழில் எத்தனை மாதம் தாங்கும்? பிரிட்டன் விலகல் அறிவிப்பைக் கொடுப்பதற்கு முன்பே, ஒரு சுங்கப் பத்திரம்கூட மாறாத நிலையில், சில காளான் பண்ணைகள் மூடப்பட்டன. சட்டப்படி விலகும் நாளைத்தான் ஆபத்தின் தொடக்கம் என்று எண்ணித் திட்டமிட்டவர்களுக்கு நாணயச் சந்தை வாக்கெடுப்பு இரவே பதில் சொல்லிவிட்டது. எனவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே விலை எந்த நாணயத்தில், சரக்கு எத்தனை நாள் தாங்கும், எல்லையை எத்தனை முறை தாண்டுகிறது, மாற்றுச் சந்தை எது, அங்கே போய்ச் சேர எத்தனை ஆண்டு ஆகும் என்ற விவரங்களை எழுதுங்கள்.

எல்லையை எத்தனை முறை தாண்டுகிறது என்பது அற்பக் கேள்வி போலத் தெரியும். டப்ளினில் வடிக்கும் கின்னஸ் பீர் டாங்கரில் பெல்ஃபாஸ்டுக்குப் போய், அங்கே புட்டியிலும் கேனிலும் அடைபட்டு, ஏற்றுமதிக்காக மறுபடி டப்ளினுக்கு வருகிறது. வட அயர்லாந்தின் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 80 கோடி லிட்டர், தெற்கேயுள்ள ஆலைகளுக்கு வருகிறது. அங்கே இரு பக்கத்துப் பாலும் ஒரே தொட்டியில் கலக்கிறது. வெண்ணெயாகவோ பால்பொடியாகவோ மாறிய பிறகு அது எந்த நாட்டுப் பொருள்? பிரிட்டன் உறுப்பு நாடாக இருந்தவரை யாரும் கேட்காத கேள்வி இது. விலகிய பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றாம் நாடுகளோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தங்களின் சலுகைத் தீர்வையைக் கலப்புப் பாலில் செய்த பொருளுக்குக் கோர முடியாமல் போனது. எல்லையில் ஒரு சாவடிகூட இல்லை. பால் தங்குதடையின்றி வந்துகொண்டேயிருந்தது. சிக்கல் எங்கோ தொலைவிலிருந்த வேறொரு துறைமுகத்தில் எழுந்தது.

மாற்றுச் சந்தை எது என்பதை நேர்மையாக எழுதுவது கடினம். 'சந்தைகளைப் பன்முகப்படுத்த வேண்டும்' என்று எல்லா அறிக்கைகளும் எழுதும். அயர்லாந்தின் செடார் பாலாடைக்கட்டிக்கு பிரிட்டன்தான் முதன்மையான சந்தை. ஐரோப்பியக் கண்டத்து மக்கள் செடாரை அந்த அளவுக்கு உண்பதில்லை. செடாருக்கு வேறு வாடிக்கையாளரைத் தேடுவதைவிட அதே பாலில் வேறு கட்டியைச் செய்வதே வழியாக இருந்தது. கார்க் மாவட்டத்தின் மோகீலியில் நார்வே நாட்டு யார்ல்ஸ்பெர்க் வகையைச் செய்யும் ஆலை அப்படி வந்ததுதான். புதிய ஆலை, புதிய பக்குவம், புதிய கூட்டாளி. இதற்கு ஆண்டுகள் பிடிக்கும். பன்முகப்படுத்தல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆண்டுக் கணக்கையும் முதலீட்டையும் எழுதாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து.

பேச்சு தொடங்குவதற்குள் உங்கள் கோரிக்கை பேச்சுவார்த்தை ஆணையில் ஏறிவிட வேண்டும்

சிறிய நாட்டுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு, வாக்கெடுப்புக்கும் முறையான விலகல் அறிவிப்புக்கும் இடைப்பட்ட காலம். பிரிட்டன் 2017 மார்ச் 29 அன்றுதான் ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்தது. அந்த ஒன்பது மாதங்களில் லண்டனில் தாம் எந்த விதமான விலகலை விரும்புகிறோம் என்று தங்களுக்குள்ளேயே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டப்ளினிலோ அமைச்சர்களும் தூதர்களும் ஐரோப்பியத் தலைநகரங்கள் ஒவ்வொன்றுக்கும் போய், எல்லை வரைபடத்தை விரித்துக் கதையைச் சொன்னார்கள். உள்நாட்டிலும் 2016 நவம்பர் 2 அன்று டப்ளினின் கில்மைனமில் இரு பக்கத்துக் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் விவசாயிகளையும் கூட்டி, பிரதமர் எண்டா கென்னி ஒரு முழுத்தீவு உரையாடலைத் தொடங்கினார். பிரிட்டனோடு இருக்க விரும்புவோரின் கட்சியும் வடக்கின் பெரிய கட்சியுமான டியூபி அதற்கு வரவில்லை. அந்த வெற்று நாற்காலியின் விலை பின்னால் தெரிந்தது.

2017 ஏப்ரல் 29 அன்று 27 தலைவர்களும் ஏற்ற வழிகாட்டு நெறிகளில், முதல் கட்டத்தில் தீர்க்க வேண்டியவையாகக் குடிமக்கள் உரிமை, பிரிட்டன் செலுத்த வேண்டிய தொகை ஆகியவற்றோடு அயர்லாந்தின் எல்லையும் இடம்பெற்றது. இந்த மூன்றிலும் போதிய முன்னேற்றம் காணாமல் எதிர்கால வர்த்தகத்தைப் பேச முடியாது. 50 லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஒரு நாட்டின் கவலை, 44 கோடிப் பேரின் சந்தைக்குள் நுழையும் வாசலுக்குப் பூட்டாக மாறியது. அயர்லாந்தின் வலிமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இந்த வரிசைமுறையைத்தான் சொல்வேன். பேச்சு தொடங்கிய பிறகு சேர்க்கப்படும் கோரிக்கை பேரத்துக்குரிய பொருளாகிவிடும்; தொடங்கும் முன் ஆணையில் ஏறிய கோரிக்கையை நீக்க 27 பேரும் மறுபடி கூட வேண்டும்.

அதே காலத்தில் விலகும் நாடு உங்களைத் தனியே அழைத்துப் பேச விரும்பும். நெடுநாள் உறவு, ஒரே மொழி, அறிமுகமான முகங்கள். இழுப்பு பலமாகவே இருக்கும். வர்த்தகத்தையும் சுங்கத்தையும் பொறுத்தவரை அந்த அழைப்பை ஏற்காதீர்கள். ஏற்றால் உங்கள் கூட்டாளிகளின் நம்பிக்கை போகும். சட்டப்படியும் சுங்கம் ஒன்றியத்தின் அதிகாரம். விதிவிலக்கு, கூட்டமைப்பின் ஒப்பந்தமே இருதரப்புக்கு விட்டிருக்கும் விஷயங்கள். பொதுப் பயண வலயம் 1920களிலிருந்து இருப்பது. ஒன்றியத்தின் ஒப்பந்தத்தோடு இணைந்த ஒரு நெறிமுறை அதை ஏற்கிறது. ஆகவே இரு அரசுகளும் நேரடியாகப் பேசி 2019 மே 8 அன்று புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இரு நாட்டுக் குடிமக்களும் மற்ற நாட்டில் வசிக்க, வேலை பார்க்க, படிக்க, மருத்துவம் பெற, சில தேர்தல்களில் வாக்களிக்க உள்ள உரிமைகள் அதில் எழுத்தில் வந்தன. எது பிரஸ்ஸல்ஸ் வழி, எது நேர்வழி என்று இரண்டு பத்திகளில் முதல் நாளே பிரித்து எழுதிவைத்துக்கொள்வது பின்னால் பல தர்மசங்கடங்களைத் தவிர்க்கும்.

வாக்குறுதியைச் சட்ட வாசகமாக்குவது

2017 டிசம்பர் 4 அன்று உடன்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிரிட்டன் பிரதமர் தெரசா மே பிரஸ்ஸல்ஸில் மதிய உணவு மேசையில் இருந்தபோது, அவருடைய சிறுபான்மை அரசைத் தாங்கிக்கொண்டிருந்த டியூபியின் எதிர்ப்பு தொலைபேசியில் வந்தது. அன்றைய அறிவிப்பு நின்றுபோனது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று வெளியான கூட்டறிக்கையின் 49ஆம் பத்தியில், வேறு தீர்வு எதுவும் கிடைக்காவிட்டால் எல்லையைத் திறந்துவைக்கத் தேவையான ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றிய விதிகளோடு பிரிட்டன் முழுமையாக ஒத்துப்போகும் என்ற வாக்கு இருந்தது. அடுத்த பத்தியில் வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் இடையே புதிய தடை வராது என்ற வாக்கும் இருந்தது. இரண்டும் ஒன்றாக நிற்க முடியாதவை. அரசியல் அறிக்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதலாம். சட்டத்தில் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். எனவே அரசியல் வாக்கு கிடைத்த மறுநாளே சட்ட வாசகத்தைக் கேட்கத் தொடங்குங்கள்.

அந்த வாசகம்தான் 2018 நவம்பரில், வேறு தீர்வு வரும்வரை பிரிட்டன் முழுவதையும் சுங்க வளையத்துக்குள் வைக்கும் ஏற்பாடாக, 'பேக்ஸ்டாப்' என்ற பெயரில் விலகல் ஒப்பந்தத்தில் வந்தது. பிரிட்டன் நாடாளுமன்றம் அதை மூன்று முறை தோற்கடித்தது; 2019 ஜனவரி 15 அன்று வித்தியாசம் 230 வாக்குகள். இங்கே அயர்லாந்தின் திட்டத்தில் ஒரு பலவீனம் இருந்தது. பிடி தளராமல் நின்றால் உடன்பாடே இல்லாமல் போகலாம். அப்படிப் போனால் சாவடி எழும் ஆபத்து உண்மையாகிவிடும். அந்த நாளில் ஒற்றைச் சந்தைக்கான சோதனையை எங்கே செய்வீர்கள் என்று கேட்டபோதெல்லாம் டப்ளின் வெளிப்படையாக விடை சொல்லவில்லை. சொன்னால் அதுவே எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும் என்ற கணக்கு புரிந்துகொள்ளத் தக்கது. வெளியே சொல்லாமல் இருக்கலாம். உள்ளே விடை எழுதி வைக்காமல் இருக்கக் கூடாது.

2019 அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தின் விர்ரல் (Wirral) பகுதியில் அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கரும் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சனும் சந்தித்தபோது டப்ளினும் வளைந்துகொடுத்தது. பிரிட்டன் முழுவதையும் சுங்க வளையத்துக்குள் வைக்கும் ஏற்பாடு போய், வட அயர்லாந்தை மட்டும் சரக்கு விதிகளில் ஒன்றியத்தோடு பொருத்தும் ஏற்பாடு வந்தது; அதற்கு வடக்கின் சட்டமன்றம் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒப்புதல் தர வேண்டும் என்ற பிரிவும் சேர்ந்தது. டப்ளினின் வர்த்தக நலனுக்குப் பழைய ஏற்பாடே மேல், ஏனென்றால் அதில் பிரிட்டன் முழுவதோடும் சுங்கத் தீர்வை இல்லாத உறவு தங்கியிருக்கும். முதல் அடுக்கைக் காக்க இரண்டாம் அடுக்கில் இழந்தார்கள். அடுக்குகளை முன்பே பிரித்து வைத்திருந்ததால்தான் சில நாள்களுக்குள் அந்த முடிவை எடுக்க முடிந்தது.

பாதை, துறைமுகம், பத்திரம்

அயர்லாந்துச் சரக்கு ஐரோப்பாவுக்குப் போகும் வழக்கமான வழி: டப்ளினில் கப்பலேறி வேல்ஸின் ஹோலிஹெட்டில் இறங்கி, இங்கிலாந்தைச் சாலையில் கடந்து, டோவரிலிருந்து கலேக்குக் கப்பல். இதைத் தரைப்பாலம் என்பார்கள். ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முடியும். நேரடிக் கப்பலில் இதைப் போல் இரு மடங்கு ஆகும். உயிருள்ள நண்டோ பறித்த காளானோ ஏற்றிய ஓட்டுநருக்கு இந்த வித்தியாசம் ஒரு நாள் சந்தை விலை. அந்தத் தரைப்பாலம் திடீரென ஒன்றியத்துக்கு வெளியே போனபோது இரண்டு வேலைகள் ஒருசேர நடந்தன. ஒன்று காகித வேலை: பொதுக் கடவு உடன்படிக்கையில் பிரிட்டன் தன் பெயரிலேயே சேர்ந்ததால், முத்திரையிட்ட டிரெய்லர் வழியில் தீர்வை செலுத்தாமல் கடந்துபோக முடிந்தது. மற்றது கப்பல்: 2021 ஜனவரியில் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் ரோஸ்லேரிலிருந்து பிரான்சின் டன்கர்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. முதல் வாரங்களில் ஹோலிஹெட் வழி வெறிச்சோட, நேரடிக் கப்பல்கள் நிரம்பின. கப்பல் நிறுவனங்கள் சரக்கு வருமா என்று காத்திருக்கும். வணிகர்கள் கப்பல் வருமா என்று காத்திருப்பார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைப்பது அரசின் வேலை. அதை விலகும் நாளுக்கு ஓராண்டு முன்பே செய்ய வேண்டும்.

சுங்கப் பத்திரங்கள் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருந்த நிலை மாறிச் சுமார் 2 கோடியாக உயரும் என்று வருவாய்த் துறை கணக்கிட்டது. ஆள் சேர்த்தார்கள், டப்ளின் துறைமுகத்திலும் ரோஸ்லேரிலும் சோதனைக் கூடங்களும் லாரி நிறுத்தங்களும் கட்டினார்கள். உடன்பாடு இல்லாத நாளுக்காகப் பல சட்டங்களின் திருத்தங்களை ஒரே சட்டமாகத் தொகுத்து 2019 மார்ச்சில் நிறைவேற்றியும் வைத்தார்கள். பெரிய நிறுவனங்கள் தாமே சமாளித்துக்கொள்ளும். வாழ்நாளில் ஒரு சுங்கப் பத்திரமும் நிரப்பாத சிறு வணிகரைத்தான் தேடிப் போக வேண்டும். அவருக்குப் பதிவு எண் இருக்கிறதா, சரக்கின் தீர்வைக் குறியீடு தெரியுமா, முகவர் யார் என்ற மூன்று கேள்விகள் போதும். காலக்கெடு 2019 மார்ச் 29, ஏப்ரல் 12, அக்டோபர் 31, 2020 ஜனவரி 31 என்று தள்ளிக்கொண்டே போனபோது, புலி வருகிறது கதையாக, பலர் ஆயத்தத்தைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் பிறகு அதே கடிதத்தை அனுப்பாமல், அந்த மாதம் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு வேலையை எழுதி அனுப்புவது மேல்.

கிட்டத்தட்ட எல்லோரையும் அதிரவைத்தது, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று பார்க்கும் மூல விதி. 2020 டிசம்பர் 24 அன்று 'தீர்வை இல்லை, ஒதுக்கீடு இல்லை' என்ற வர்த்தக ஒப்பந்தம் முடிந்ததும் நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. ஆனால் தீர்வை விலக்கு பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்குத்தான். ஜெர்மனியில் செய்த மிட்டாய் பிரிட்டனின் கிடங்குக்கு வந்து, பிரிக்காத பெட்டியோடு அப்படியே அயர்லாந்துக் கடைக்குப் போனால் அதற்குத் தீர்வை உண்டு. கனடாக் கோதுமை பெருமளவு கலந்து பிரிட்டனில் அரைத்த மாவுக்கும் அதே கதி. அயர்லாந்தின் ரொட்டிக் கூடங்களோ பிரிட்டன் மாவையே பெரிதும் நம்பியிருந்தவை. இந்த ஓட்டையை முன்கூட்டியே காண ஒரே வழி, உங்கள் நாட்டுக்கு விலகும் நாட்டிலிருந்து வரும் பொருள்களில் எவை அங்கே உண்மையில் உருவாகின்றன, எவை அங்கே இறங்கி ஏறுகின்றன என்று பிரிப்பது.

கூட்டமைப்புக்குள் இழந்த தோழன்

வெளியே போகும் அண்டை நாடு வாடிக்கையாளர் மட்டுமில்லை. உள்ளே வாக்களிப்பில் உங்களோடு நின்றவரும்கூட. வரி விஷயத்திலும் தாராள வர்த்தகத்திலும் பிரிட்டனின் நிழலில் நின்று பழகியிருந்தது அயர்லாந்து. ஒரு தீர்மானத்தைத் தடுக்க ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 35 விழுக்காட்டுக்கு மேல் கொண்ட குறைந்தது நான்கு நாடுகள் வேண்டும். சுமார் ஒரு விழுக்காடு மக்கள்தொகை உள்ள நாடு தனியாக என்ன செய்யும்? 2018 மார்ச்சில் நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், பின்லாந்து, மூன்று பால்டிக் நாடுகள் ஆகியவற்றோடு சேர்ந்து யூரோ சீர்திருத்தம் பற்றி ஒரு பொது நிலைப்பாட்டில் அயர்லாந்து கையெழுத்திட்டது இந்த இடைவெளியை நிரப்பத்தான். புதிய தூதரகங்களும் திறந்தார்கள்.

கூட்டமைப்பே வலுவற்றதாக இருந்தால் இந்த வழிகாட்டியின் பாதி பொருந்தாது. 2025 ஜனவரி 29 அன்று மாலியும் புர்கினா ஃபாஸோவும் நைஜரும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் கூட்டமைப்பை விட்டு விலகியபோது, துறைமுகம் வைத்திருக்கும் பெனினுக்கும் டோகோவுக்கும் செனகலுக்கும் பின்னால் நின்று பேச பிரஸ்ஸல்ஸ் போன்ற ஓர் அமைப்பு இல்லை. விலகிய மூன்றும் பொது நாணயப் பகுதியில் தொடர்ந்து இருப்பதால் பவுண்டு சரிவு போன்ற அடி விழவில்லை. ஒரே நாடு பல ஒப்பந்தங்களில் இருக்கும். எதிலிருந்து விலகுகிறது, எதில் தங்குகிறது என்பதைத் தனித்தனியே பாருங்கள்.

நட்டம் யார் வீட்டில் விழுந்தது

ஒன்றியம் ஏற்படுத்திய சுமார் 540 கோடி யூரோ பிரெக்சிட் சரிக்கட்டு நிதியில் மிகப் பெரிய பங்கு அயர்லாந்துக்குக் கிடைத்தது. ஆனால் நாட்டுக்குக் கிடைத்த பணமும் தொழிலாளிக்கு ஏற்பட்ட நட்டமும் ஒரே இடத்தில் விழுவதில்லை. வர்த்தக ஒப்பந்தத்தில் பிரிட்டன் கடற்பரப்பில் ஐரோப்பியக் கலங்கள் பிடித்துவந்த மீனின் மதிப்பில் கால் பங்கு, 2026 ஜூன் வரையிலான ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாக பிரிட்டனுக்கு மாறும் என்று முடிவானது. கானாங்கெளுத்தி ஒதுக்கீட்டில் அயர்லாந்து பட்ட அடி மற்றவர்களைவிடப் பெரிது. டொனிகலின் கில்லிபெக்ஸ் துறைமுகத்துக் கலங்கள் கடலுக்குப் போகாமல் கரையில் கட்டிக்கிடந்த ஆண்டுகளில், எல்லைக்காக எங்களைக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு அங்கே எழுந்தது. அதை வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. இரண்டாம் அடுக்கில் வைத்த துறைகளிடம் முதலிலேயே போய், உங்களை முழுதாகக் காக்க முடியாமல் போகலாம், அப்போது இன்னது தருவோம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

விலகிய பிறகு கோப்பை மூடாதீர்கள். 2021 ஜனவரி 29 அன்று தடுப்பூசி ஏற்றுமதித் தகராறில் ஐரோப்பிய ஆணையமே, டப்ளினைக் கேட்காமல், வட அயர்லாந்து ஏற்பாட்டுக்கான நெறிமுறையின் சில பகுதிகளை ஒருதலையாக நிறுத்திவைக்க இடம்தரும் 16ஆம் பிரிவைப் பயன்படுத்தப் போவதாக ஒரு வரைவை வெளியிட்டது. பல ஆண்டு உழைப்பால் காத்த எல்லையில் கட்டுப்பாடு வைப்பதற்கு ஒப்பான செயல் அது. தொலைபேசிகள் ஒலித்தன, அன்றிரவே பின்வாங்கினார்கள். முன்னுரிமையை ஏற்றுக்கொண்ட கூட்டாளியும் அவசரத்தில் அதை மறப்பார். ஆகவே பிரஸ்ஸல்ஸில் ஒவ்வொரு வரைவையும் எல்லை என்ற கண்ணோடு படிக்க ஓர் அலுவலர் நிரந்தரமாக வேண்டும். 2023 பிப்ரவரி 27 அன்று அந்த நெறிமுறையைத் திருத்தும் விண்ட்சர் கட்டமைப்பு வந்து, பிரிட்டனின் மற்றப் பகுதிகளிலிருந்து கடலைக் கடந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கின் சோதனைகள் குறைந்தன. 2024 டிசம்பர் 10 அன்று வட அயர்லாந்துச் சட்டமன்றம் இந்த ஏற்பாட்டைத் தொடர வாக்களித்தது. ஆனால் இரு சமூகத்தாரின் ஆதரவும் சேர்ந்து கிடைக்காததால் எட்டு ஆண்டுகளுக்குப் பதில் நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே அது செல்லும். அடுத்த வாக்கெடுப்பு 2028இல் வருகிறது. அன்று முன்வைக்க வேண்டிய கணக்குகளை, பாலிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை வரை, இப்போதிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.